பேர் இல்லாத கம்பிகள்

1996இல் அனகாபுத்தூரில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேன், கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘டிபில பேர் இல்ல சார். பில்லர்லேந்து கொண்டாரணும்.’ யாரோட பேருங்க இல்ல என்று கேட்டேன். சிரித்தார். பேர் என்றால் ஜோடி; ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு செம்புக் கம்பிகள். வீட்டுக்கு ஒரு பேர். ஆங்கிலச் சொல் தமிழின் ‘பேரு’க்குள் சத்தமில்லாமல் குடியேறியிருந்தது. கலைச்சொற்களைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்தக் கம்பத்தடியில்தான்.

அவரிடம் ஒரு முழு அகராதி இருந்தது. வீட்டிலிருந்து கம்பத்து டிபி; அங்கிருந்து தெருமுனைப் பில்லர்; பிறகு பூமிக்கடியில் கேபிள்; முடிவில் எக்ஸ்சேஞ்சின் எம்.டி.எஃப். என்ற இரும்புச் சட்டம். சட்டத்தின் ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் ஸ்விட்ச். இரண்டையும் சேர்க்கிற சிறு கம்பி ஜம்பர். ஜம்பர் போட்டால்தான் டயல் டோன். மணி அடிக்கிற நேரத்தில் கம்பியைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். அதற்கும் அவரிடம் ஒரு வசவுச்சொல் இருந்தது.

நமது கலைச்சொல் வரலாறு இவரைக் கணக்கில் எடுப்பதில்லை. அது சங்கங்களின், குழுக்களின் வரலாறு. 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் தொடங்கிய அறிவியற் சொற்களுக்கான சங்கம், 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் சென்னை அரசு அமைத்த குழு, அதன் வடமொழிச் சாய்வுக்கு எழுந்த எதிர்ப்பு என்று போகும். வடமொழியா தனித்தமிழா என்பது அவசியமான சண்டைதான். அதில் எனக்கும் கட்சி உண்டு. ஆனால் எந்தக் கைக்காகச் சொல் என்ற கேள்வி அதில் பின்னுக்குப் போய்விட்டது. இணக்கி, திசைவி, நிலைமாற்றி எல்லாம் இலக்கணமாகவே பிறந்தன. மோடத்தையும் ரூட்டரையும் ஸ்விட்ச்சையும் கழற்றி மாட்டுகிறவர் வாயில் அவை ஏறவில்லை.

வேறிடங்களில் நடந்ததைப் பார்க்கலாம். கையால் இணைத்த பழைய எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் செருகிய பிளக்கின் நுனி ‘டிப்’, அதன் பின்னிருந்த வளையம் ‘ரிங்’. 1891இல் அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் தானியங்கி ஸ்விட்ச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பெரும்பாலும் பெண்களாயிருந்த ஆபரேட்டர்கள் காலப்போக்கில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் கைப்பிடித்த பிளக்கின் பெயர்கள் மட்டும் அங்கே ஜோடிக் கம்பிகளுக்கு நிலைத்துவிட்டன. 1960களில் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ், தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் முறைக்குப் பெயர் தேடியபோது, மற்ற மொழிகளுக்கும் சுலபமாகப் போகிற சொல்லாக வேண்டுமென்று மொழியறிந்தவரைக் கேட்டு ‘பாக்கெட்’ என்று வைத்தார். அஞ்சலில் போகிற சாதாரணப் பொட்டலம், அவ்வளவுதான்.

நம்மிடமும் அப்படியொரு சொல் இருந்தது: தந்தி. ‘டெலிகிராப்’ தூரத்தையும் எழுத்தையும் சொல்கிறது. ‘தந்தி’ கண்ணுக்குத் தெரிந்த கம்பியைச் சொன்னது. வீணையின் கம்பிக்கு ஏற்கெனவே இருந்த பெயர் அது. வேர் வடமொழிதான், அங்கே ‘தந்து’ என்றால் நூல், நெசவாளி ‘தந்துவாயர்’. ஆனாலும் சனங்கள் அதைத் தங்கள் சொல்லாகவே வைத்துக்கொண்டார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. 1942இல் தொடங்கிய நாளிதழின் தலைப்பில் சொல் உயிரோடிருக்கிறது.

கம்பிக்கும் நூலுக்கும் உள்ள இந்த உறவு அனகாபுத்தூர்க்காரனுக்குப் புதிதல்ல. இது தறி ஊர். ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற கட்டம் போட்ட துணி இங்கிருந்து நைஜீரியாவுக்குப் போனது. 1970களில் அந்நாடு இறக்குமதியைத் தடுத்ததும் தறிகள் ஓய்ந்தன. கட்டத் துணியென்றால் எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்கு பிசகக்கூடாது. பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். அதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர்.

பள்ளத்துக்குள் உட்கார்ந்து கேபிளைச் சேர்க்கும் ஜாயின்டர் செய்வதும் அதுதான். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறம். ஒவ்வொன்றோடும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று இன்னொரு ஐந்து. ஆக 25 பேர். நிறம் மாறினால் ஒருவர் வீட்டு அழைப்பு இன்னொருவர் வீட்டில் மணியடிக்கும். ‘பிணைத்தல்’ என்ற சொல் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. ‘ஜாயின்ட்’டுக்கு அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

லைன்மேனின் மொழியைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. அதில் பாதி வெள்ளைக்காரத் துறையின் மேலிருந்து இறங்கிய ஆங்கிலம். அகராதிச் சொல் எல்லாமே தோற்றதுமில்லை. தொலைபேசியும் இணையமும் நிலைத்துவிட்டன. ஆனால் அவை பயன்படுத்துகிறவனுக்கான சொற்கள். பழுது பார்க்கிறவனுக்குத் தமிழில் நாம் செய்து கொடுத்தது என்ன? அவன் அறிவை அறிவென்றே ஒப்புக்கொள்ளாதபோது அவன் சொல்லை மட்டும் எப்படிக் கேட்போம்?

இன்று ஃபைபர் வந்துவிட்டது. ‘ஒளியிழை’ என்று அழகாகத்தான் எழுதுகிறோம். இழை தறியிலிருந்து போன சொல் என்ற நினைவு எழுதுகிறவர்களுக்கு இல்லை. எங்க தெருவில் டிபி பெட்டி மூடி கழன்று தொங்குகிறது. உள்ளே நிறம் மங்கிய கம்பிகள். பேர், ஜம்பர், பில்லர் என்று பேசியவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கலைச்சொல் குழு கூடுவதற்குள் யாராவது ஒரு நோட்டோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது. தறிக்காரர்களையும் கூட அழைத்துக்கொண்டு போகலாம்.