ஏடிசி அரங்கு, கேம்பிரிட்ஜ்

ஏடிசி அரங்கு என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பார்க் தெருவில் அமைந்துள்ள பல்கலைக்கழக நாடக அரங்கு ஆகும். 228 இருக்கைகள் மட்டுமே கொண்ட இச்சிறிய அரங்கில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் நாடகம், நகைச்சுவை, இசை நாடகம் முதலியவற்றை ஆண்டு முழுவதும் நடத்தி வருகின்றனர். பிரித்தானியாவின் மிகப் பழைய பல்கலைக்கழக நாடக அரங்கு எனவும் இது கூறப்படுகிறது. 20 ஆம் நூற்றாண்டின் ஆங்கில நகைச்சுவையில் பெயர்பெற்ற பலர் மாணவப் பருவத்தில் இங்கு மேடையேறியவர்களே. ஏடிசி என்பது இவ்வரங்கைத் தோற்றுவித்த "அமெச்சூர் டிராமாட்டிக் கிளப்" என்னும் மாணவர் நாடகக் கழகத்தின் பெயர்ச் சுருக்கம்.

தோற்றம்

கழகத்தைத் தொடங்கியவர் பிரான்சிஸ் கௌலி பர்னாண்ட் (1836-1917). டிரினிட்டி கல்லூரி மாணவராக இருந்த அவருக்கு அப்போது வயது பதினெட்டு. மாணவர்கள் மேடையேறி நடிப்பதை அன்றைய பல்கலைக்கழக நிருவாகம் விரும்பவில்லை. எனவே அவர் துணைவேந்தர் எட்வின் கெஸ்ட் அவர்களை நேரில் கண்டு, "பாக்ஸ் அண்ட் காக்ஸ்" என்னும் சிறு கேலி நாடகத்தை நடிக்க இசைவு கேட்டார். துணைவேந்தரும் அவருடைய சகாக்களும் மறுத்துவிட்டனர். பர்னாண்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. 1855 இல் இசைவு இல்லாமலேயே ஹூப் என்னும் விடுதியின் பின்கட்டு அறைகளில் மூன்று சிறு நாடகங்கள் அரங்கேறின. பர்னாண்ட் டாம் பியர்ஸ் என்ற புனைபெயரில் நடித்தார்.

மறுக்கப்பட்ட அந்த நாடகத்தின் பிற்கால வரலாறு சுவையானது. ஒரே அறையைப் பகலில் ஒருவருக்கும் இரவில் ஒருவருக்கும் வாடகைக்கு விட்டு இரட்டை வாடகை வாங்கும் வீட்டுக்காரரைப் பற்றிய கதை அது. எழுதியவர் ஜான் மேடிசன் மார்ட்டன். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1866 இல், பர்னாண்ட் அதே கதையைப் பாடல்களுடன் "காக்ஸ் அண்ட் பாக்ஸ்" என்று மாற்றி எழுதினார். அதற்கு இசையமைத்தவர் ஆர்தர் சல்லிவன். பின்னாளில் கில்பர்ட்டுடன் இணைந்து உலகப் புகழ் பெற்ற சல்லிவனின் நகைச்சுவை இசை நாடக வாழ்க்கை இவ்வாறு தொடங்கியது. பர்னாண்ட் 1880 முதல் 1906 வரை "பஞ்ச்" இதழின் ஆசிரியராக இருந்தார். 1902 இல் சர் பட்டமும் பெற்றார்.

1933 இல் ஏற்பட்ட தீ விபத்தில் அரங்கு அழிந்தது. மீண்டும் கட்டப்பட்டு 1935 இல் திறக்கப்பட்டது. 1974 இல் பல்கலைக்கழகம் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து நிருவாகப் பொறுப்பை ஏற்றது. ஒரு காலத்தில் நாடகத்துக்கு இசைவு தர மறுத்த நிருவாகமே, நூறாண்டுக்கும் மேல் கழித்து நாடகக் கொட்டகையின் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. எனினும் கழகம் கலைக்கப்படவில்லை. அது இன்றும் தனி அமைப்பாக இயங்கி, அரங்கில் தன் நாடகங்களை மேடையேற்றி வருகிறது.

ஃபுட்லைட்ஸ்

ஏடிசி அரங்கைப் பற்றிப் பேசும்போது ஃபுட்லைட்ஸ் கழகத்தைத் தவிர்க்க இயலாது. 1883 இல் தொடங்கப்பட்ட இம்மாணவர் கழகத்தின் பெயர், மேடையின் முன்விளிம்பில் வரிசையாக வைக்கப்படும் விளக்குகளைக் குறிப்பது. இரண்டும் ஒரே அமைப்பு எனப் பலர் கருதுவதுண்டு, அவ்வாறு அன்று. ஃபுட்லைட்ஸ் ஒரு கழகம், ஏடிசி ஓர் அரங்கு. ஃபுட்லைட்ஸ் இங்கு நிகழ்ச்சி நடத்தும் பல கழகங்களுள் ஒன்று மட்டுமே.

இக்கழகத்தின் முதன்மை வடிவம் ரெவ்யூ எனப்படும். ஒரே கதையாக இல்லாமல், துணுக்கு நாடகங்களும் நகைச்சுவைப் பாடல்களும் மாறி மாறி வரும் நிகழ்ச்சி இது. பியானோ இதில் இன்றியமையாத கருவி. தொடக்க ஆண்டுகளில் இசையுடன் கூடிய கேலி நாடகங்களே மிகுதி. 1913 இல் ஜாக் ஹல்பர்ட் எழுதிய "சியர்-ஓ கேம்பிரிட்ஜ்" லண்டனிலும் மேடையேறியது. 1954 இல் "அவுட் ஆஃப் தி புளூ" என்னும் ரெவ்யூவும் லண்டனுக்குச் சென்றது. அதில் நடித்தவர்களுள் ஒருவர் மருத்துவ மாணவரான ஜோனதன் மில்லர்.

1959 இல் பீட்டர் குக் என்ற மாணவர், இன்னும் பட்டம் பெறாத நிலையிலேயே, லண்டனில் தொழில்முறை நடிகர் கென்னத் வில்லியம்ஸ் நடித்த ரெவ்யூவுக்குத் துணுக்குகள் எழுதினார். அடுத்த ஆண்டு எடின்பரோ விழாவில் குக், மில்லர் ஆகிய இருவரும் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆலன் பென்னட், டட்லி மூர் ஆகியோருடன் சேர்ந்து "பியாண்ட் தி ஃபிரிஞ்ச்" நிகழ்ச்சியை அளித்தனர். அக்காலப் பிரித்தானியாவில் மேடை உரை அனைத்தும் லார்ட் சேம்பர்லேன் அலுவலகத்தின் தணிக்கைக்கு உட்பட்டது (இத்தணிக்கை 1968 இல்தான் ஒழிக்கப்பட்டது). அத்தகைய சூழலில் பதவியிலிருந்த பிரதமர் மாக்மில்லனைக் குக் மேடையில் நடித்துக் காட்டினார். பிரதமரே பார்வையாளராக வந்திருந்த ஒரு நாளில், எழுதி வைத்த உரையிலிருந்து விலகி அவரை நேரடியாகவே கேலி செய்தார். இதே நிகழ்ச்சியில் டட்லி மூரின் பியானோ நையாண்டிகளும் புகழ் பெற்றன. அவர் ஆர்கன் வாத்தியக் கலைஞராக உதவித்தொகை பெற்றுப் படித்தவர். மரபிசையை முறையாகக் கற்றவரால்தான் அதை அவ்வளவு துல்லியமாகக் கேலி செய்ய முடிந்தது எனலாம்.

1963 ஆம் ஆண்டின் ரெவ்யூ "கேம்பிரிட்ஜ் சர்க்கஸ்" என்ற பெயரில் லண்டனிலும், 1964 இல் நியூசிலாந்திலும், அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வேயிலும் நடந்தது. பிராட்வேயில் அது 23 காட்சிகளுக்கு மேல் நீடிக்கவில்லை. ஆயினும் அதில் நடித்த ஜான் கிளீஸ், கிரகாம் சாப்மன் ஆகியோர் பின்னர் எரிக் ஐடில் முதலானோருடன் சேர்ந்து மான்டி பைத்தான் குழுவை 1969 இல் அமைத்தனர். டிம் புரூக்-டெய்லரும், பாடல்கள் எழுதிய பில் ஆடியும் "தி குடீஸ்" தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றனர்.

இவர்களுள் கிளீஸ் சட்டம் படித்தவர், சாப்மன் மருத்துவம். பிற்காலத்தில் "ஹவுஸ்" தொடரில் மருத்துவராக நடித்து இந்தியத் தொலைக்காட்சிப் பார்வையாளர்களுக்கும் அறிமுகமான ஹியூ லாரி, மானிடவியலும் தொல்லியலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் நாடகத்துக்கெனத் தனித்துறை இல்லை. நடிப்புக்கு மதிப்பெண்ணும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. மாணவர்கள் இரவில் கற்றது பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதே.

ஸ்மோக்கர்

ஃபுட்லைட்ஸ் நிகழ்ச்சிகளுள் தனித்தன்மை வாய்ந்தது ஸ்மோக்கர். விக்டோரியா காலத்தில் ஆண்கள் புகைபிடித்தபடி பாட்டுக் கேட்கும் கூட்டங்களிலிருந்து இப்பெயர் வந்தது. இன்று புகை இல்லை, பெயர் மட்டும் நிலைத்துள்ளது. முன்பு இவை பெட்டி கியூரி பகுதியில் ஃபால்கன் யார்டு என்னும் இடத்திலிருந்த கழக அறையில் நடந்தன. 1970களில் அப்பகுதி இடிக்கப்பட்டபின் கழகம் சொந்த மேடையை இழந்தது. பின்னாளில் ஏடிசி அரங்கே ஸ்மோக்கரின் இருப்பிடமாயிற்று.

பாடம் நடக்கும் பருவங்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய் இரவு 11 மணியளவில் இது நடைபெறுவது வழக்கம். சில மணித்துளிகளே நீளும் துணுக்குகள், தனிநபர் நகைச்சுவை, கிட்டார் அல்லது பியானோவுடன் பாடல்கள் எனப் பல இடம்பெறும். கழகத்தில் இல்லாதவரும், இதற்குமுன் மேடையே ஏறாதவரும் தேர்வுக்கு வந்து தம் உருப்படியை நடித்துக் காட்டலாம். சிரிப்பு வராத துணுக்கு அன்றிரவோடு மறக்கப்படும். வந்த துணுக்கு திருத்தப்பட்டு, பருவ ரெவ்யூவுக்கும், கோடையில் எடின்பரோ விழாவுக்கும் செல்லக்கூடும். மென்பொருளைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுமுன் சிறு குழுவிடம் கொடுத்துச் சோதிப்பதை ஒத்தது இம்முறை. வேறுபாடு என்னவெனில், இங்கு பிழை அறிக்கை அமைதியாக வந்து சேரும்.

மகளிர் பங்கேற்பு

ஃபுட்லைட்ஸ் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். 1932 ரெவ்யூவில் பெண்கள் நடித்தனர். மறு ஆண்டின் ரெவ்யூவுக்கோ "இனிப் பெண்கள் இல்லை" எனப் பொருள்படும் தலைப்பு சூட்டப்பட்டது. இது வெறும் விளையாட்டுத் தலைப்பு அன்று. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கல்லூரிகள் 1869 முதலே இருந்தும், பெண்களுக்கு முழுமையான பட்டம் 1948 வரை வழங்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

1959 ரெவ்யூவில் எலனார் பிரான் நடித்தார், ஆனால் உறுப்பினராக அன்று. 1960களின் நடுப்பகுதியில், எரிக் ஐடில் தலைவராக இருந்த காலத்தில், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வழி ஏற்பட்டது. முதலில் சேர்ந்தவர்களுள் ஜெர்மெய்ன் கிரீர் ஒருவர். 1970 இல் "தி ஃபீமேல் யூனக்" என்னும் பெண்ணிய நூலை வெளியிட்டவர் இவரே. 1970களின் இறுதியில் ஜேன் ரேவன்ஸ் முதல் பெண் தலைவரானார். 1981 இல் அவர் இயக்கிய "தி செல்லர் டேப்ஸ்" ரெவ்யூ, எடின்பரோ விழாவில் அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட பெரியர் நகைச்சுவை விருதைப் பெற்றது. ஸ்டீபன் ஃபிரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன், டோனி ஸ்லாட்டரி, பென்னி டுவையர், பால் ஷியரர் ஆகியோர் அதில் நடித்தனர். அக்காலத்திலேயே முழுவதும் பெண்களே எழுதி நடித்த ரெவ்யூ ஒன்றும் மேடையேறியது. அதை உருவாக்கியவர்களுள் எம்மா தாம்சனும் ஒருவர்.

இசை நாடகம்

வெளியுலகில் நகைச்சுவைக்கே பெயர் இருந்தாலும், மாணவர் நாடக வாழ்வில் இசை நாடகத்தின் பங்கு குறைந்ததன்று. பல்கலைக்கழக இசை நாடகக் கழகம் ஏடிசி அரங்கில் தொடர்ந்து நிகழ்ச்சிகள் நடத்துகிறது. 228 பேர் அமரும் அரங்கில் வாத்தியக் குழுவுக்கு இடம் காண்பதே ஒரு பணி.

இக்கழகம் 2017 இல் எடின்பரோ விழாவுக்குக் கொண்டு சென்ற படைப்பு "சிக்ஸ்". எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரும் பாப் பாடகியராக மேடையேறித் தம் கதையைத் தாமே பாடுவதாக அமைந்தது இது. எழுதிய டோபி மார்லோவும் லூசி மாஸும் அப்போது இறுதியாண்டு மாணவர்கள். 2019 இல் லண்டனில் தொடர்ந்து நடக்கத் தொடங்கியது. பிராட்வேயில் தொடக்க விழா 2020 மார்ச் 12 ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. கோவிட் பெருந்தொற்றால் அன்றே நியூயார்க் அரங்குகள் மூடப்பட்டன. 2021 அக்டோபரில்தான் திறப்பு நிகழ்ந்தது. 2022 இல் சிறந்த இசைக்கான டோனி விருது மார்லோ, மாஸ் இருவருக்கும் கிடைத்தது.

நிகழ்ச்சி நிரல் உருவாகும் முறை

கேம்பிரிட்ஜ் கல்வியாண்டு மைக்கேல்மஸ், லென்ட், ஈஸ்டர் என மூன்று பருவங்கள் கொண்டது. முதல் இரண்டும் ஏறத்தாழ எட்டு வாரங்களே. இக்குறுகிய காலத்தில் வாரத்துக்கு ஒரு முதன்மை நிகழ்ச்சி மாலை 7.45 மணியளவிலும், இன்னொரு பின்னிரவு நிகழ்ச்சி 11 மணியளவிலும் நடப்பது மரபு. அதாவது ஒரே மேடை ஒரே இரவில் இருமுறை மாற்றியமைக்கப்படுகிறது. சனி இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் அரங்க அமைப்பைப் பிரித்து அகற்றிவிட்டு, அடுத்த குழு உள்ளே வரும். நடிப்பு, இயக்கம், ஒளி, ஒலி, தச்சு வேலை, விளம்பரம் ஆகிய எல்லாம் மாணவர்களே. சம்பளம் பெறும் ஊழியர்கள் மிகச் சிலரே.

வரும் பருவத்தில் எவை நடக்க வேண்டும் என்பது விண்ணப்பங்களின் வழி தீர்மானிக்கப்படுகிறது. கழகங்களும் தனி மாணவர் குழுக்களும் நாடக உரை, பொறுப்பாளர் விவரம், செலவு மதிப்பீடு ஆகியவற்றுடன் விண்ணப்பிப்பர். வாரங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி. எனவே போட்டி கடுமையானது. மைக்கேல்மஸ் பருவ இறுதியில் ஃபுட்லைட்ஸும் ஏடிசி கழகமும் இணைந்து நடத்தும் பான்டோமைம் நிகழ்ச்சி பெருங்கூட்டத்தை ஈர்ப்பது. பின்னாளில் இரட்டையராகப் புகழ்பெற்ற டேவிட் மிட்செல், ராபர்ட் வெப் ஆகிய இருவரும் 1993 இல் இத்தகைய ஒரு "சிண்டரெல்லா" நிகழ்ச்சிக்கான தேர்வில்தான் முதலில் சந்தித்தனர்.

2011 முதல் கார்பஸ் பிளேரூம் என்னும் இன்னொரு சிற்றரங்கும் ஏடிசி நிருவாகத்தின்கீழ் உள்ளது. அதன் பார்வையாளர் பகுதி மேடையின் இருபுறமும் அமைந்து, ஒருபக்கத்தார்க்குத் தெரிவது மறுபக்கத்தார்க்கு முழுதும் தெரியாதவாறு இருக்கும். புதுமுயற்சிகள் பல அங்கு நடைபெறுகின்றன.

விமரிசனம்

பிபிசியின் நகைச்சுவைப் பிரிவை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளே நிரப்பினர் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அது பெருமளவு நியாயமானதே. ஃபுட்லைட்ஸில் இருந்தவர் வானொலித் தயாரிப்பாளராவதும், அவர் தமக்குப் பின்வந்த மாணவர்களை அழைப்பதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. 1980களில் எழுந்த மாற்று நகைச்சுவை இயக்கம் இதை வெளிப்படையாகவே எள்ளியது. "தி யங் ஒன்ஸ்" தொடரின் 1984 ஆம் ஆண்டுப் பகுதியொன்றில், வினாடி வினாப் போட்டிக்கு வரும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் அணிக்கு "ஃபுட்லைட்ஸ் கல்லூரி, ஆக்ஸ்பிரிட்ஜ்" என்று பெயர். அந்த அணியினராக நடித்தவர்களுள் ஃபிரை, லாரி, எம்மா தாம்சன் ஆகிய மூவரும் இருந்தனர்.

பார்வையாளர்கள்

அரங்கின் நிகழ்ச்சிகளுக்கு மாணவர் அல்லாதாரும் நுழைவுச்சீட்டு பெறலாம். ஃபுட்லைட்ஸ் தன் ஆண்டு ரெவ்யூவைத் தேர்வுகள் முடிந்தபின் வரும் "மே வாரம்" எனப்படும் கொண்டாட்டக் காலத்தில் நடத்துவது மரபு. பெயரைக் கொண்டு மே மாதம் எனக் கொள்ளக்கூடாது. மே வாரம் ஜூன் மாதத்தில் வருகிறது.