இரட்டைப் பூட்டில் மார்பின்

1997-இல் இந்தியா முழுவதற்கும் மருத்துவத்துக்காகச் செலவான மார்பின் வெறும் 18 கிலோ. இத்தனைக்கும் சட்டப்படி அபின் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிற நாடு இது. காசிப்பூரில் அரசு அபின் ஆலை 1820 முதல் இயங்கிவருகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் கசகசாக் காயைக் கீறி வடித்த பால் கப்பலேறிப் போனது. புற்றுநோயில் துடித்தவருக்கு அதிலிருந்து எடுத்த மாத்திரை உள்ளூரில் கிடைக்கவில்லை.

இந்த நிலைக்கு இட்டுச்சென்றது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதற்கு முன்பிருந்த 1857, 1878 அபின் சட்டங்களும் 1930-இன் அபாய மருந்துகள் சட்டமும் உரிமத்திலும் வருவாயிலுமே கண்ணாக இருந்தன. புதிய சட்டம் தண்டனையில் இறங்கியது: குறைந்தது 10 ஆண்டு சிறை. பிடிபட்ட அளவைப் பொறுத்துத் தண்டனையை வகைப்படுத்தும் திருத்தம் 2001-இல்தான் வந்தது. மருத்துவமனை மார்பின் வாங்க வேண்டுமானால் வைத்திருக்க, கொண்டுவர, மாநில எல்லை தாண்ட என்று நான்கைந்து அனுமதிகள் வேண்டியிருந்தன. அத்தனையும் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் புதுப்பிப்பதற்குள் இன்னொன்று முடிந்துபோகும். கணக்கில் ஒரு மாத்திரை உதைத்தாலும் ஜெயில் என்ற பயத்தில் மருந்துக்கடைகள் கையைக் கழுவின. பன்னிரண்டே ஆண்டுகளில் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் வந்த மறு ஆண்டே, 1986-இல், புற்றுநோய் வலிக்கு மூன்று படி மருத்துவ முறையை உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அதன் உச்சிப் படியில் இருந்தது வாய்வழி மார்பின். உலகம் கற்கத் தொடங்கிய நேரத்தில் நம் மருத்துவக் கல்லூரிகள் மறக்கத் தொடங்கின. மார்பினை ஒருமுறைகூடச் சீட்டில் எழுதிப் பார்க்காமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். சட்டம் செய்த கெடுதலில் ஆழமானது இதுதான். உரிம விதியை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். கைவிட்டுப் போன பழக்கத்தை அப்படி மீட்க முடியாது.

இந்த மறதிக்கு நடுவே, வலியைப் பற்றிய சிந்தனைக்கு வேலூர் புதிய ஊர் அல்ல. 1946-இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்கு உணர்ச்சி மரத்துப்போவதே முக்கியக் காரணம் என்று காட்டினார். குத்துகிற ஆணி தெரியாது, சுடுகிற பாத்திரம் தெரியாது. அவர்களுக்காக மென்மையான நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் உருவாயின; தோலும் காலணியுமே பிழைப்பான பகுதிக்குப் பொருத்தமான மருந்துதான். வலி ஒரு கொடை என்றார் பிராண்ட். ஆனால் எலும்புக்குப் பரவிவிட்ட புற்றுநோயின் வலி யாரையும் எதற்காகவும் எச்சரிப்பதில்லை. அங்கே அவர் வாதம் செல்லாது.

அந்த வலிக்கென்று சிஎம்சி-யில் வலி தணிப்புப் பிரிவு வளர்ந்தது; கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவர் ரீனா ஜார்ஜ் அதற்குத் தலைமை வகித்தார். மார்பின் கொடுக்கும் முறை எளிது, ஆனால் கறாரானது. 10 மில்லிகிராம் மாத்திரையை வலி வரும்வரை காத்திருக்காமல் நான்கு மணிக்கொரு தரம் விழுங்க வேண்டும். நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை அளவு. வாந்தி சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. பிசகோடில் போன்ற மலமிளக்கி அதே சீட்டில் இருந்தாக வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் கழிவு உடம்பிலேயே தங்கி மூச்சை மந்தமாக்கும். தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அந்த அவசரத்துக்கு மாற்று நலாக்சோன் ஊசி. பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வியர்க்கும். இது உடல் பழகிப்போனதன் அறிகுறி. போதைக்கு அடிமையாவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த குழப்பம் சட்டத்தையும் குடும்பங்களையும் சேர்த்தே ஆட்டிவைத்தது.

பூட்டைத் தளர்த்தும் முயற்சி கேரளத்திலிருந்து வலுப்பெற்றது. 1993-இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், வெளிநோயாளிகளுக்கு மார்பினைப் பத்திரமாகக் கொடுக்க முடியும் என்று நடத்திக் காட்டியது. 1998-இல் விதிகளை எளிதாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பல மாநிலங்கள் அசையவில்லை. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகே மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகளாக ஒரே விதியின் கீழ் வந்தன. அங்கீகாரம் பெற்ற, பயிற்சியுள்ள மருத்துவர் இருக்கும் நிறுவனத்துக்கு ஒரே அனுமதி போதும்.

இதற்கிடையில் ஆபத்து வேறு வாசல் வழியாக நுழைந்திருந்தது. டிராமடோல் என்ற வலி நிவாரணியை 2018 ஏப்ரலில்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது அதன் உறவுக்காரனான டாபென்டடால் வெளியே நின்றது. இன்று தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிபடும் ‘வலி நிவாரணி மாத்திரை’ பெரும்பாலும் இதுதான்: பொடித்து, நீரில் கரைத்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையைக் கட்டும் மாவுப் பொருள் இரத்தக் குழாயை அடைக்கிறது. ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, கல்லீரல் அழற்சி. சாகக் கிடப்பவரின் மருந்துக்கு இரட்டைப் பூட்டு போட்ட நாட்டில், இளைஞர்களைக் கெடுத்த மாத்திரை சாதாரணச் சீட்டு மருந்தாகவே புழங்கியது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கம்பெனிகளில் ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கும் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பெண்களுக்கும் இடுப்பு வலியும் கழுத்து வலியும் வருவதில் வியப்பில்லை. அதற்கு அபின் வகை வலி மாத்திரை விடையல்ல. ஆஸ்திரேலியாவில் புதிதாக இடுப்பு, கழுத்து வலி வந்த 347 பேரிடம் ஆக்சிகோடோனைச் சோதித்து 2023-இல் வெளியான ஓபல் ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. இதே மருந்தை 1996 முதல் நாள்பட்ட வலிக்கெல்லாம் தாராளமாக விற்ற அமெரிக்கா போதை அடிமைத்தனத்தால் பட்ட பாடு ஊரறிந்தது.

தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலி தணிப்புச் சேவையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போட ஆள் வருகிறார்; மார்பின் மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்துதான் வர வேண்டும். 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்ட ஆம்பூரிலிருந்து சிஎம்சி சுமார் 50 கிலோமீட்டர். அதே 2019-இல் மாறிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் வலி தணிப்பு மருத்துவமும் சேர்ந்தது. அதைப் படித்த முதல் தொகுதி மருத்துவர்கள் இப்போதுதான் சொந்தமாகச் சீட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.