வாகனத் திருட்டுக் காப்பீடு (இந்தியா)

வாகனத் திருட்டுக் காப்பீடு என்பது களவுபோன வாகனத்தின் மதிப்பை உரிமையாளருக்கு ஈடு செய்யும் காப்பீடு ஆகும். இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. இது விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்பை மட்டுமே ஈடு செய்யும். இக்காப்பீடு மட்டும் உள்ள மகிழுந்து திருடப்பட்டால் உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்காது. திருட்டுக்கு ஈடு பெற முழுமைக் காப்பீடு அல்லது சொந்தச் சேதக் காப்பீடு தேவை.

இழப்பீட்டுத் தொகை

வழங்கப்படும் உச்சத் தொகை "காப்பீட்டு அறிவிப்பு மதிப்பு" (ஐ.டி.வி.) எனப்படுகிறது. தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து இது கணக்கிடப்படும். வழக்கமான தேய்மான அளவுகள் சில:

* 6 மாதம் வரை - 5%
* 1 முதல் 2 ஆண்டு வரை - 20%
* 4 முதல் 5 ஆண்டு வரை - 50%

பிரீமியத்தைக் குறைப்பதற்காக இம்மதிப்பைக் குறைத்துக் காட்டினால், திருட்டின்போது கிடைக்கும் தொகையும் குறையும்.

திருட்டு நிகழ்ந்தபின்

உடனடியாகக் காவல் நிலையத்தில் புகார் அளித்து முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். காவல்துறையிடம் உடனே புகார் அளித்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாக அறிவித்ததை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. வாகனத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் காவல்துறை அறிக்கை, பதிவுச் சான்றிதழ், எல்லாச் சாவிகள் ஆகியவற்றை நிறுவனங்கள் பொதுவாகக் கோரும்.

தடுப்பு முறைகள்

சாவியை வண்டியிலேயே விட்டுச் செல்வது கவனக்குறைவாகக் கருதப்பட்டு இழப்பீட்டைப் பாதிக்கக்கூடும். இயந்திர முடக்கி பொருத்தப்பட்ட மகிழுந்துகளில், சாவியிலுள்ள மின்னணுச் சில்லின் குறியீடு பொருந்தினால் மட்டுமே இயந்திரம் இயங்கும். கூடுதலாகத் திசைதிருப்பிப் பூட்டும் பயன்படுத்தப்படுகிறது.