வீட்டுக்குச் சக்கரம் முளைத்த கதை

‘கேரவன்’ என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்க நிற்கும் குளிர்சாதன வண்டிதானே! ஆனால், ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல் முதலில் எந்த வண்டியையும் குறிக்கவில்லை. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் சென்ற பயணிகளையே அது குறித்தது. மேல்நாட்டுக்குப் போன பிறகுதான் அது வண்டியின் பெயராயிற்று.

பழைய வேன் ஒன்றை வாங்கி, அதில் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, மாதக்கணக்கில் ஊர் சுற்றி வரும் ஆசை இன்று நம் நாட்டிலும் பரவி வருகிறது. இதை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரிதானா? அரக்கோணத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

கூண்டுக்குள் குடும்பம்

அரக்கோணத்துக்கு வடக்கே, 15 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது திருத்தணி மலை. பேருந்துகள் பெருகுவதற்கு முன் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த குடும்பங்கள் பல, கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் வந்தன. வண்டியின் தளத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்தால் அதுவே படுக்கை. அரிசி, பருப்பு, பாத்திரங்கள் எல்லாம் வண்டியிலேயே வரும். மாலையில் ஒரு மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டினால் அடுப்பு தயார்!

அந்தக் கூண்டைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். வளைத்த மூங்கில் வரிச்சுகளின் மேல் பாயைப் போர்த்தியிருப்பார்கள். மூங்கிலும் பாயும் எடை குறைந்தவை. ஆகவே மாடுகளுக்குப் பளு குறைவு. பாயின் இழைகளுக்கு இடையே காற்று சிக்கி நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. முன்னும் பின்னும் திறந்திருப்பதால் உள்ளே காற்றோட்டமும் உண்டு. எடை குறைய வேண்டும், வெயில் உள்ளே இறங்கக் கூடாது, காற்று ஓட வேண்டும் என்பவை சக்கர வீட்டின் மூன்று அடிப்படைத் தேவைகள். வெப்பவியல் நூல் எதையும் படிக்காத வண்டித் தச்சர், இம்மூன்றையும் நிறைவு செய்திருந்தார்.

தண்டவாளத்தில் இரண்டு வீடுகள்

1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போக்குவரத்து இராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே தொடங்கியது. அந்தப் பாதை அரக்கோணத்தின் வழியாகவே சென்றது. பின்னர் ரேணிகுண்டா வழியே மும்பை நோக்கி ஒரு பாதையும், செங்கற்பட்டு நோக்கி மற்றொரு பாதையும் பிரிந்தன. அரக்கோணம் பெரிய சந்திப்பாக வளர்ந்தது.

நீண்ட பாதையைக் கட்டிக் காப்பவர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே தங்க வேண்டும் அல்லவா? அதற்காக ரயில்வேயில் இருவகை நடமாடும் வீடுகள் தோன்றின. ஒன்று, மேலதிகாரிகள் பாதையைப் பார்வையிடச் செல்லும் ‘சலூன்’ பெட்டி. படுக்கையறை, குளியலறை, சமையலறை எல்லாம் அதில் உண்டு. 2018-இல் இத்தகைய பெட்டிகளைப் பொதுமக்களும் வாடகைக்கு எடுக்கலாம் என்று ரயில்வே அறிவித்தது.

மற்றொன்று ‘கேம்ப் கோச்’. பாதையைச் செப்பனிடும் இயந்திரங்களை இயக்கும் ஊழியர்களின் தங்குமிடம் இது. பழைய பயணிகள் பெட்டியின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கைகளும் சமையலிடமும் அமைத்து இதை உருவாக்குவதுண்டு. நிலையத்தை ஒட்டிய பக்கப் பாதையில், சன்னல் கம்பிகளில் துணி காயும் பெட்டி ஒன்று தனியே நிற்பதை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். அதைக் கைவிடப்பட்ட பெட்டி என்று எண்ணிவிட வேண்டாம். அது சிலருடைய வீடு!

உல்லாசத்துக்கு ஒரு வண்டி

வேலைக்காக அன்றி, உல்லாசப் பயணத்துக்கென்றே சக்கர வீடு கட்டியவர்களுள் முன்னோடி என்று கார்டன் ஸ்டேபிள்ஸைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து, பின்னர் சிறுவர்களுக்குக் கதைகள் எழுதியவர் இவர். 1885-இல் ‘வாண்டரர்’ என்னும் மரவண்டியைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை பயணம் செய்தார். சாமான்களோடு அதன் எடை ஏறத்தாழ 2 டன். இழுத்தவை இரண்டு குதிரைகள்.

அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் தம் நாவல் ஒன்றில் இப்படி ஒரு வண்டியைக் கற்பனை செய்திருந்தார். இரும்பாலான நீராவி யானை ஒன்று இரண்டு சக்கர வீடுகளை இழுத்துச் செல்கிறது. எங்கே தெரியுமா? இந்தியாவில்! கற்பனை யானைக்கு எடை ஒரு பொருட்டன்று. மெய்யான குதிரைக்கும் எஞ்சினுக்கும் அதுதான் முதற் கவலை. பெட்ரோல் எஞ்சின் பரவிய பின்னரே சாலையில் ஓடும் வீடு எளிதாயிற்று. ஜெர்மனியில் 1950-இல் வெளிவரத் தொடங்கிய வோக்ஸ்வாகன் வேனில், அடுத்த ஆண்டே கழற்றி மாட்டத்தக்க படுக்கை, அலமாரிச் சாமான்களை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் பொருத்தித் தந்தது.

நாமக்கல்லின் கைத்திறன்

நம் நாட்டில் இந்தக் கலை வேறொரு வழியில் வளர்ந்தது. லாரி வாங்குவோர் பலர் ஆலையிலிருந்து எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டத்தை, அதாவது ‘சேஸிஸ்’ஸை மட்டும் வாங்குவார்கள். அதன்மேல் கூடு கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் நடக்கும். பேருந்துக்குக் கரூர் பெயர் பெற்றது. தச்சர், பற்றவைப்பவர், வண்ணம் பூசுபவர் என்று பலர் கூடி உரிமையாளரின் தேவைக்கேற்ப வண்டியை முடித்துத் தருவார்கள்.

அங்கு கட்டிய லாரிகள் அசாமுக்கும் காஷ்மீருக்கும் வாரக்கணக்கில் பயணம் செய்கின்றன. இருக்கைக்குப் பின்னே ஒரு படுக்கைப் பலகை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர் கேன். ஓட்டுநரும் துணையாளும் உண்பது, உறங்குவது எல்லாம் அங்கேதான். தமிழ்நாட்டில் மிகுதியாகக் கட்டப்பட்ட சக்கர வீடு எது என்று கேட்டால், லாரியின் முன் அறைதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லை. அங்கே 1982-இல், தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என். டி. ராமராவ், பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்துச் ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டார். அதுவே மேடையாகவும் தங்குமிடமாகவும் அமைய, மாநிலம் முழுவதும் சுற்றினார். 1983 ஜனவரியில் முதலமைச்சரானார்.

நீங்கள் கட்டுவதானால்

முதலில் எடைக் கணக்கைப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோகிராம். இருவருக்கு ஒரு நாளைக்குச் சமைக்க, குடிக்க, குளிக்க 40 லிட்டர் என்று கொள்வோம். மூன்று நாளுக்கு 120 கிலோ! இரண்டு ஆட்கள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். இந்தத் தொட்டியைக் கூரைமேல் வைத்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவில் வண்டி சாயும் அபாயம் மிகும். ஆகவே தொட்டி கீழே, இரு இருசுகளுக்கும் நடுவே இருப்பது நலம். வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே, போக்குவரத்து அலுவலகத்தை அணுகாமல் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

அடுத்து மின்சாரம். 24 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் 192 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட் பேட்டரியில் அது 16 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமிலப் பேட்டரியில் பாதியளவே பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. அந்தப் பாதியில் விசிறி மூன்று இரவுகள் ஓடும். விசிறிக்குப் பதில் சராசரியாக 600 வாட் இழுக்கும் குளிர்சாதனம் என்றால்? ஒரே இரவுக்கு 400 ஆம்பியர்-மணி. அதாவது எட்டுப் பேட்டரிகள்! ஒன்று 30 கிலோ என்றால் மொத்தம் 240 கிலோ. மறுபடியும் எடையில் வந்து நிற்கிறோம்.

இந்தக் கணக்கு உல்லாசப் பயணிக்கு மட்டும் உரியதன்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். கீழே எஞ்சினின் சூடு, மேலே தகட்டின் சூடு என்று வெந்து கிடந்தவர்களுக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த நீதி இது. ஆயினும் வழக்கமான குளிர்சாதனம் எஞ்சின் ஓடினால்தான் இயங்கும். சாலையோரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உறங்கும்போது என்ன செய்வது? அதற்கு முன்னரே கட்டப்பட்டு இன்றும் ஓடும் லாரிகளில் இருப்பவர்கள் என்ன செய்வது? உறக்கம் கெட்ட ஓட்டுநரால் ஆபத்து அவருக்கு மட்டும்தானா?

விடை, திருத்தணிக்கு வந்த அந்தக் கூண்டு வண்டியிலேயே இருக்கிறது. கூரைத் தகட்டின் அடியில் வெப்பம் கடத்தாத பொருளை ஓர் அங்குலம் பொருத்துவது, எதிரெதிரே இரண்டு காற்றுவழிகள் விடுவது, ஒரு சிறு விசிறி வைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. எடையும் சில கிலோதான். சக்கரத்தின்மேல் வீடு கட்ட விரும்பும் இளைஞர்களே, உங்கள் வேனில் இதைச் செய்து, உள்ளும் வெளியும் வெப்பமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பலன் கிடைத்தால் அந்தக் குறிப்பை ஒரு லாரிப் பட்டறைக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.