நொய்யல் ஆறும் மென்சவ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதும் மரபு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஒரு சாதனம் உருவானதும் அது தேவையான இடத்தைத் தானாகவே சென்றடையும் என்ற எண்ணம் இம்மரபின் அடியில் உள்ளது. கழிவுநீரிலிருந்து மாசுகளைப் பிரித்தெடுக்கும் மென்சவ்வு தமிழ்நாட்டின் திருப்பூரை வந்தடைந்த வரலாறு இவ்வெண்ணத்தை மறுப்பதாக அமைகின்றது.

1748இல் பிரான்சிய அறிஞர் நொலே, பன்றியின் சிறுநீர்ப்பையினூடாக நீர் மதுசாரத்தை நோக்கிச் செல்வதை அவதானித்தார். பிரசாரணம் எனப்படும் இவ்வியல்பை அமுக்கத்தின் துணைகொண்டு எதிர்த்திசையில் நிகழ்த்தினால், உப்பு ஒருபுறம் தங்க, நீர் மறுபுறம் செல்லும். கலிபோணியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டளவில் உருவாக்கிய செலுலோசு அசற்றேற்று மென்சவ்வு இதனை நடைமுறைச் சாத்தியமாக்கிற்று. 1965இல் அம்மாநிலத்தின் கோலிங்கா நகரில் உவர்நீர் இம்முறையாற் குடிநீராக்கப்பட்டது.

வெள்ளியங்கிரி மலையில் ஊற்றெடுத்துக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியிற் கலப்பது நொய்யல் ஆறு. ஏற்றுமதியை நோக்கிய பின்னலாடைக் கைத்தொழில் 1980களிலிருந்து திருப்பூரில் விரைந்து வளர்ந்தது. பருத்தித் துணியிற் சாயம் பற்றுவதற்குப் பெருமளவு உப்பு வேண்டும். அவ்வுப்போ துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீருடன் வெளியேறுகின்றது. 1990களில் நிறுவப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு முதலிய இரசாயனங்களைக் கொண்டு நிறத்தை நீக்கின. ஆயின், கரைந்த உப்பை இம்முறையால் நீக்க இயலாது. கழிவுநீரிற் கரைந்த திண்மங்கள் இலீற்றருக்கு 2100 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்ற விதி ஏட்டளவில் நின்றது. கண்ணுக்குப் புலனாகும் மாசு குறைந்தது. புலனாகாத மாசு ஆற்றிற் கலந்தது.

பாசனத்தின்பொருட்டு 1992இல் அமைக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, காலப்போக்கிற் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. நீரைத் திறந்துவிடுமாறு கோரவேண்டிய உழவர்கள், அதனைத் திறக்கவேண்டாம் எனக் கோரும் முரண்நிலை தோன்றிற்று. கிணறுகள் உவர்த்தன, விளைநிலங்கள் பயனிழந்தன. நொய்யற் பாசன விவசாயிகளின் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலையை எய்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் பணித்தது. 2009இல் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. இக்கட்டளைகளின் பின்னரே மென்சவ்வு திருப்பூரிற் பரவலாக இடம்பெற்றது. நிபந்தனை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் சுமை நாட்கூலித் தொழிலாளர் மீதே முதலில் விழுந்தது. சாயமிடும் வேலையின் ஒரு பகுதி அயல் மாவட்டங்களுக்கும் பெயர்ந்தது. நிபந்தனையை நிறைவேற்றிய நிலையங்கள் பின்னர் படிப்படியாக மீண்டும் இயங்கத் தொடங்கின.

கோலிங்காவுக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளை அறிவின் குறைபாட்டால் விளக்கமுடியாது. ஆற்றிற் கழிவைக் கொட்டுவதற்குச் செலவில்லை என்பதே காரணமாகும். அச்செலவை உழவர் தம் நிலத்தால் ஈடுசெய்து வந்தனர். அவர்கள் மறுத்தபோதுதான் மென்சவ்வு வந்தது.

எனினும், மென்சவ்வு மாசைப் பிரிக்குமேயன்றி அழிப்பதில்லை. தூயநீர் சாயத்தொட்டிக்குத் திரும்ப, செறிந்த உவர்க்கரைசல் எஞ்சுகின்றது. அதனை ஆவியாக்க மிகுந்த எரிபொருள் வேண்டும். அதன் பின்னும் பயன்பாட்டுக்கு உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகத் தேங்குகின்றது. ஆற்றுக்குரிய சுமை கிடங்குக்கு மாறியுள்ளது. மலிவான ஆடையை நாடும் தொலைதூரச் சந்தை இச்சுமையில் தனக்குரிய பங்கை ஏற்குமா என்பது இன்னும் தீராத வினாவாகும். மென்சவ்வு அதற்கு விடை தராது. நொய்யற்கரை உழவர்கள் தொடுத்தது போன்ற வழக்குகளே அதனை எழுப்ப வல்லன.