அறிகுறியும் அச்சமும்

தொற்றுநோய்க் காலத்திலே அரசாங்கம் குடிமகனிடம் முதலாவதாக எதிர்பார்ப்பது அவனுடைய வாய்ச்சொல்லைத்தான். ‘உனக்குக் காய்ச்சல் உண்டா? இருமுகிறாயா? மூச்சு முட்டுகிறதா? மறைக்காமல் சொல்’ என்று அது கேட்கிறது. 2020 மார்ச்சு மாதம் தொடக்கம் கொவிட் நோயைப் பற்றி இலங்கைச் சுகாதாரத் துறையினர் விடுத்த அறிவித்தல்களின் சாரமும் இதுவே. இவ்வேண்டுகோளிலே குற்றம் காண ஒன்றுமில்லை. வைத்திய சாத்திரம் வேறு விதமாகக் கேட்கவும் முடியாது. ஆயினும், அறிகுறியைச் சொல்லுபவன் சொன்ன பின்னர் தனக்கும் தன் வீட்டாருக்கும் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறான். அவன் எண்ணிப் பார்ப்பதை அறியாமை என்று அதிகாரிகள் இகழ்வது வழக்கம். அவன் அச்சத்துக்கு நியாயம் உண்டா என்பதைச் சரித்திரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அதற்கு எங்கள் மன்னார்க் கரையை விடப் பொருத்தமான இடம் இலங்கையிலே வேறு இல்லை எனலாம்.

அறிகுறி பற்றிய அரசாங்க ஆலோசனை விவாதத்துக்கு உள்ளானது இங்கு மாத்திரமன்று. இங்கிலாந்திலே மணம் அறியும் ஆற்றல் அற்றுப்போவது கொவிட் நோயின் குறி என்று காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள். அரசாங்கமோ அதனைத் தன் பட்டியலில் சேர்த்தது மே 18ஆம் திகதி. அந்த இரு மாத காலமும் காய்ச்சலும் இருமலும் இல்லாத நோயாளர் பலர், தமக்கு நோயில்லை என நம்பி நடமாடியிருப்பர். அந்தத் தாமதத்தை அங்குள்ள ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள்; அரசாங்கம் பிந்தியேனும் இணங்கிற்று. அங்கே தகராறு எந்தக் குறியைப் பட்டியலிற் சேர்ப்பது என்பது பற்றியது. இலங்கையில் எழுந்த தகராறு பட்டியலைப் பற்றியதன்று. குறியைச் சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்பதையே அது பற்றி நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர் தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் வந்திறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்குச் சென்றார்கள். குடிக்க நீரில்லை, ஒதுங்கக் கொட்டில் இல்லை. கொலராவும் அம்மையும் அவர்களை வழியிலேயே வாரிக்கொண்டு போயின. 1841க்கும் 1848க்கும் இடையில் 70,000 பேர் மாண்டனர் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அத்தொகை மிகையானது என்று வாதிடும் ஆசிரியர்களும் உளர். தொகை எவ்வாறாயினும், எலும்புகள் கிடந்த பாதை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றைய ஆட்சியாளரின் எழுத்துக்களைப் புரட்டுவோர், இந்த மக்கள் நோயால் வருந்தினர் என்பதைவிட, நோயைக் கொண்டு வந்தனர் என்ற முறைப்பாட்டையே அதிகமாகக் காண்பர். தோட்டத்துரைமாரின் இலாபத்துக்காக நடந்தவன், நடந்த குற்றத்துக்காக நோய்காவியும் ஆனான்.

1897ஆம் ஆண்டு இவ்விடயத்தில் ஒரு திருப்பம். பம்பாயிலே பரவிய கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஏகாதிபத்தியம் அவ்வாண்டு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டத்தையும், இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தையும் பிறப்பித்தது. இரண்டும் அவ்வாண்டின் 3ஆம் இலக்கச் சட்டங்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். இரண்டின் உயிரும் ஒன்றே. பூனா நகரிலே சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, பெண்களையும் வெளியே நிறுத்தி உடல் சோதித்தனர். அக்குள் வீக்கத்தைத் தேடுவதற்கு அவர்கள் கையாண்ட முறை, நோயைக் காட்டிலும் கொடிதென மக்கள் கருதினர், நோயாளரை ஒளித்தனர். கொள்ளைநோய் ஆணையாளர் ராண்ட் அவ்வாண்டு ஜூன் 22இல் சுடப்பட்டார். அக்காலத்தில் தம் பத்திரிகையில் எழுதியவற்றுக்காகத் திலகர் இராசத்துரோகக் குற்றத்தில் சிறை சென்றார். நோய்த்தடுப்பைப் பற்றிக் குறை சொல்வது அரசைக் கவிழ்ப்பதற்குச் சமம் என்ற கோட்பாடு அன்றே வேரூன்றிவிட்டது.

1914 மார்ச்சு முதலாந் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. தொழிலாளர் இப்போது நடக்க வேண்டியதில்லை; தோட்டவெளி வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் ஏற்றப்பட்டு மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டனர். அதற்கு முன்னர் அவர்கள் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. (1983க்குப் பின்னர் அதே மண்டபத்தில் எங்கள் ஊர்களிலிருந்து ஓடியவர்கள் அகதிகளாகத் தங்க நேர்ந்தமை சரித்திரத்தின் கசப்பான நகைச்சுவை.) முகாமினால் நோய்கள் தடுக்கப்பட்டன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அறிகுறி என்பது தொழிலாளி தானே அறிந்து சொல்லும் ஒன்றன்று. அவனுடைய நாக்கையும் தோலையும் புரட்டிப் பார்த்து அதிகாரி கண்டுபிடிக்கும் தடயம். அவனுக்கு யாரும் ஆலோசனை வழங்கவில்லை. பொதி போலச் சோதித்து அனுப்பினார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இந்நாட்டில் உண்டு. 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன வேளையில், சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குள் இறங்கினார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அவர்களுள் இருந்தனர். கொயினா மாத்திரையோடு உணவையும் சுமந்து சென்றமையால் பெரேராவுக்குக் கிராமத்தார் ‘பருப்பு மாத்தயா’ என்று பெயரிட்டனர். நுளம்பு எல்லோரையும் கடித்தது. செத்தவர்களிலே பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டினியில் வாடியவர்கள் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். வைத்தியப் பட்டியலில் இல்லாத அறிகுறி ஒன்றை, பசியை, அவர்கள் சேர்த்தார்கள் எனலாம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அந்தக் கிராமங்களில் அதற்குச் செவிசாய்ப்பார் இருந்தமைக்கு இதுவே காரணம்.

அதே கேகாலை மாவட்டத்தில், 2020 டிசம்பரில், கொவிட் நோயைப் போக்கும் பாணி கிடைக்கிறதென்று ஆயிரக்கணக்கானோர் ஒரு வீட்டின் முன் நெருக்கியடித்து நின்றார்கள். காளிதேவி அருளிய மருந்து என்று அதனைச் செய்தவர் கூறினார். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. பாணிக்காக வரிசையில் நின்ற ஏழைகளைப் பரிகசிப்பது எளிது. நான் அவர்களைக் குறைகூற மாட்டேன். அமைச்சரே பருகும்போது அவர்கள் வேறு யாரை நம்புவது? சினமூட்டுவது வேறொன்று. பாணிக்கு அத்தனை தாராளம் காட்டிய அமைச்சு, சவ அடக்கம் என்ற விடயத்தில் விஞ்ஞானத்தின் பெயரால் எவருக்கும் இரங்காது நின்றது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சு 24இல் வெளியிட்ட வழிகாட்டலில், இந்நோயால் இறந்தோரைப் புதைக்கவும் எரிக்கவும் செய்யலாம் என்றது. தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்தே தீரவேண்டும் என்பது பொய்யான நம்பிக்கை என்றும் அதிலே குறித்திருந்தது. இலங்கை அமைச்சின் முதல் வழிகாட்டலும் அடக்கத்துக்கு இடமளித்தது. மாத இறுதியில் அது மாற்றப்பட்டது. ஏப்பிரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், எல்லா உடல்களையும் 800 முதல் 1200 பாகை வெப்பத்தில் ஆகக் குறைந்தது 45 நிமிடம் எரிக்கவேண்டும் என்று விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. உயிருள்ள கலத்துக்கு வெளியே வைரசு பெருகாது என்பதைப் பாடசாலை மாணவனும் படிக்கிறான். இலங்கையிற் பிறந்தவரும், 2003இல் சார்ஸ் வைரசைக் கண்டறிந்தோருள் ஒருவருமான பேராசிரியர் மலிக் பீரிஸ் அடக்கத்தால் ஆபத்தில்லை என்று கூறியும் பயன் விளையவில்லை. அதே ஏப்பிரல் முதலாந் திகதி, அதிகாரிகளின் கொவிட் பணிகளைக் குறைகூறுவோரைக் கைது செய்யுமாறு பொலிஸ் தலைமையகம் பணித்திருந்தது. திலகரின் காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

புதைத்தல் என்பது எங்கள் தீவு மக்களுக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டவெளியிலே வேதசாட்சிகளின் கோவில் நிற்கிறது. 1544இல் சங்கிலி மன்னனின் படையால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 600 பேரின் எச்சங்கள் கிடக்கும் மண் என்று ஊரார் அதனைப் போற்றுகின்றனர். அப்படுகொலையில் சமயம் எவ்வளவு, போர்த்துக்கேயர் பற்றிய அரசியல் அச்சம் எவ்வளவு என்பதை ஆய்வாளர் பிரித்தறியட்டும். மண்ணுக்குள் உறங்குவோரை ஊர் ஐந்நூறு ஆண்டுகள் நெருங்கியும் மறப்பதில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். கத்தோலிக்கருக்குச் சேமக்காலை எவ்வாறோ அவ்வாறே முஸ்லிம்களுக்கு மையவாடி. உடலை எரித்தல் அவர்களுக்கு மார்க்கத்தால் விலக்கப்பட்டது.

இதனை எழுதும் தமிழன் ஒன்றை விழுங்கிவிட்டு எழுதக்கூடாது. 1990 ஒக்டோபரில் மன்னார் உட்பட வட மாகாணம் முழுவதிலிருந்தும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் துரத்தினர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் மையவாடிகளும் அடங்கும். பெரும்பான்மையோரில் அநேகர் மௌனம் காத்ததைக் குறைகூறுமுன், அன்று எங்களவர் காத்த மௌனத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

டிசம்பர் முதலாந் திகதி உயர் நீதிமன்றம் தகனத்தை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஒரு வாரத்துக்குப் பின் கொழும்பில் 20 நாட்குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டினார்கள். எல்லாச் சமயத்தவரும் கட்டினார்கள். ஆண்டின் திருப்பத்தில் இலங்கை வைத்தியச் சங்கமும் சமுதாய வைத்தியர் கல்லூரியும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று அறிவித்தன. ஆயினும் கொள்கை மாறாது என்று ஜனவரி 7இல் அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார்.

இக்காலமெல்லாம் சுகாதாரத் துறை ‘அறிகுறி தென்பட்டால் அறிவியுங்கள்’ என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. ஒரு முஸ்லிம் முதியவரின் நிலையிலிருந்து இதனைப் பாருங்கள். இருமலைச் சொன்னால் சோதனை. சோதனையில் தொற்று என்றால் ஆஸ்பத்திரி. அங்கே உயிர் போனால் நெருப்பு. இருமலை அடக்கிக்கொண்டு வீட்டின் உள்ளறையில் கிடப்பது அவருக்கு மடமையாகத் தோன்றுமா? ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர்கள் 2021 ஜனவரி 25இல் இதனையே எச்சரித்தார்கள்: வறியோரையும் நலிந்தோரையும் இக்கொள்கை அரசாங்க வைத்தியத்தை நாடவிடாமல் தடுத்து, நோய்த்தடுப்பையே கெடுக்கும் என்றார்கள். பூனாவிலே 1897இல் நோயாளரை ஒளித்தவர்களின் தர்க்கமும் வேறன்று.

தடை நீங்கியது 2021 பெப்ரவரி 26இல். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து திரும்பிய இரண்டாம் நாள் அது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம். விஞ்ஞானம் ஓரிரவில் மாறவில்லை. அடக்கத்துக்கு அரசாங்கம் முதலில் தெரிந்தெடுத்த இடத்தைப் பாருங்கள்: மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்கு விரிகுடாவிலுள்ள இரணைதீவு! 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படையின் பிடியிலிருந்த தங்கள் தீவுக்காக ஓராண்டு போராடி, 2018 ஏப்பிரலில் தாமே படகேறிச் சென்று குடியமர்ந்த கடற்றொழிலாளரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நிலத்தடி நீர் கெடும் என்று பதினொரு மாதம் நாட்டுக்குச் சொன்னவர்கள், அந்தத் தீவாரின் கிணற்றை எண்ணிப் பார்க்கவில்லை. தீவார் எதிர்த்து நின்றனர். ஏழைக் கத்தோலிக்கனையும் இறந்த முஸ்லிமையும் மோதவிடும் சூழ்ச்சி என்பதை இரு சாராருமே உணர்ந்தமை நல்ல காரியம். மார்ச்சு 5இல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அடுத்த ஓராண்டில் 3,600க்கு மேற்பட்டோர் அங்கு புதைக்கப்பட்டனர். பிற சமயத்தவரும் அவர்களுள் இருந்தனர். உறவினரின் ஊர் எங்கிருப்பினும் உடல் அங்கேதான் போகவேண்டியிருந்தது.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 என்று அப்போது சொல்லப்பட்டது. இருமலை மறைத்து வீட்டிலேயே இறந்தவர்கள் அத்தொகையில் இல்லை.