டெனர் சாக்சபோன் – ஆர்கன் சோல் ஜாஸ் ஆல்பங்கள்

1950களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் பதிவான, டெனர் சாக்சபோனும் ஹாமண்ட் ஆர்கனும் முதன்மை பெற்ற இசைத்தட்டுகள் ‘சோல் ஜாஸ்’ என்னும் ஜாஸ் கிளையின் நடுநாயகம். ப்ளூஸும் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் பாட்டும் இவற்றின் ஊற்று. ஃபிலடெல்பியா, நூவர்க், ஹார்லெம் போன்ற இடங்களின் மதுக்கூடங்களில் இந்த இசை வளர்ந்தது. ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் என்னும் இரு நிறுவனங்கள் இதில் பெரும்பங்கைத் தட்டில் ஏற்றின. இந்த இணை ஏன் உருவாயிற்று என்றால் பணத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம்: ஆர்கன் கலைஞர் ஒருவரே பியானோவின் வேலையையும் பேஸின் வேலையையும் பார்த்துவிடுவார், மூன்று பேருக்குக் கூலி கொடுத்தால் ஒரு குழு கிடைத்துவிடும். அது உண்மைதான். ஆனால் குழு அமைந்த கதையைத்தான் அது விளக்குகிறது, இசை நிலைத்த கதையை அல்ல. நிலைத்ததற்குக் காரணம் இரு கருவிகளின் ஒலி இயல்பில் இருக்கிறது: ஒன்றுக்கு மூச்சு தீரும், மற்றதற்குத் தீராது.

லாரன்ஸ் ஹாமண்ட் 1935இல் தம் மின் ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு அது மலிவான மாற்றாக அமைந்தது. 1950களின் நடுவில் வந்த பி-3 மாதிரியில் 91 சிறு உலோகச் சக்கரங்கள் காந்தச் சுருள்களின் முன் சுழன்று ஒலியை எழுப்புகின்றன. பியானோவில் தட்டிய சுரம் அந்தக் கணமே தேயத் தொடங்கிவிடும். இதிலோ, ஆர்மோனியத்தைப் போல, விரலை எடுக்கும்வரை சுரம் நிற்கும். கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியளவு மாறாது. கூட்டவும் குறைக்கவும் காலடியில் ஒரு மிதி உண்டு. டெனர் சாக்சபோன் இதற்கு நேர் எதிர். மூச்சு முடிகிற இடத்தில் வாசிப்பின் அடி முடிந்தாக வேண்டும். ஒவ்வொரு சுரமும் உதட்டின் அழுத்தத்தால் நிறம் மாறும். பின்னால் பியானோ இருந்தால், டெனர் நிறுத்தியதும் ஒரு பள்ளம் விழுகிறது. அதை நிரப்பக் கலைஞர் பதறுவார். பின்னால் ஆர்கன் இருந்தால் பள்ளம் இல்லை. அவர் துணிந்து நிறுத்தலாம், குறைவாகச் சொல்லலாம், சொன்னதையே அழுத்தி மறுபடி சொல்லலாம். பிரசங்கியாரும் சபையும் பேசி மறுமொழி சொல்லும் தேவாலய முறை இந்த இசையில் இயல்பாகப் பொருந்தியது இதனால்தான்.

இதற்கு முதல் சான்று ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் ‘பேக் அட் த சிக்கன் ஷேக்’. 1960 ஏப்ரல் 25 அன்று பதிவாகி 1963இல் வெளிவந்தது. அதே நாளின் பதிவுகளிலிருந்தே ‘மிட்நைட் ஸ்பெஷல்’ என்ற இன்னொரு ஆல்பமும் பிறந்தது. டெனரில் ஸ்டான்லி டரன்டைன், கிட்டாரில் கென்னி பரல், டிரம்ஸில் டொனால்ட் பெய்லி. பேஸ் கலைஞர் இல்லை. ஸ்மித்தின் இடது கை பேஸ் நடையை நெய்கிறது, கால் அதற்கு அழுத்தம் கொடுக்கிறது. டரன்டைன் அப்போது தம் பெயரில் ப்ளூ நோட்டில் ஒரு தட்டும் பதிந்திராதவர். ஆனாலும் தலைப்புப் பாடலில் அவர் காட்டும் நிதானம் முதிர்ந்த கலைஞருடையது. ஒரு சுரத்தைக் கீழிருந்து வளைத்தெடுக்கிறார், அதன் ஓரத்தைக் கரகரக்க விடுகிறார், பிறகு விட்டுவிடுகிறார். அவர் விட்ட இடத்தில் ஒலி அறுபடுவதே இல்லை.

பேஸ் கலைஞர் இல்லாமையே இந்த வகையின் அடையாளம் என்று வாதிடுவோர் உண்டு. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. டெனர் கலைஞர் எடி ‘லாக்ஜா’ டேவிஸும் ஆர்கன் கலைஞர் ஷெர்லி ஸ்காட்டும் 1958இல் பிரெஸ்டீஜுக்காகப் பதிந்த ‘குக்புக்’ தொகுதிகளில் ஜார்ஜ் டுவிவியே பேஸ் வாசிக்கிறார். 1961இல் டெனர் கலைஞர் ஐக் கியூபெக் பதிந்த ‘ஹெவி சோல்’ ஆல்பத்தில், ஃபிரெடி ரோச்சின் ஆர்கனுக்குப் பக்கத்தில் மில்ட் ஹின்டனின் பேஸ் இருக்கிறது. பேஸ் வந்ததால் இவற்றின் தன்மை கெட்டுவிடவில்லை. ஸ்காட்டின் இடது கை விடுதலை பெற்றது. கவுண்ட் பேஸி குழுவில் இருந்து வந்த டேவிஸுக்கு, ஒரு பெரிய குழுவின் பித்தளைக் கருவி வரிசையே பின்னால் நிற்பதுபோன்ற துணையை அவர் ஒருவராகவே தந்தார். ‘இன் த கிச்சன்’ என்ற மெதுநடை ப்ளூஸில் டேவிஸின் உறுமல் அடங்குவதும் எழுவதும் அந்தத் துணையின் மேல்தான்.

இன்னொரு மறுப்பு கடுமையானது. இவை ஜூக்பாக்ஸுக்காக ஒரே அச்சில் வார்த்த சரக்கு, ஒன்றைக் கேட்டால் எல்லாவற்றையும் கேட்டதுபோல என்பது அது. வணிக நோக்கை மறுக்க வேண்டியதில்லை. ‘மிட்நைட் ஸ்பெஷல்’ பாடலே இரண்டு துண்டாக்கப்பட்டு 45 சுழற்சித் தட்டாக விற்பனைக்கு வந்தது. ஆனால் இந்தக் கட்டுரையில் பெயர் சொன்ன ஆல்பங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தவர் நியூ ஜெர்சியின் ரூடி வான் கெல்டர் என்ற ஒரே ஒலிப்பதிவாளர். அது ஒரு சோதனைக்கூடம் அமைத்துக் கொடுத்ததற்குச் சமம். பதிவாளர் ஒருவர், கருவிகள் ஒரே வகை. அப்படியிருந்தும் டரன்டைனின் நிதானமும் டேவிஸின் முரட்டுத்தனமும் கியூபெக்கின் அகன்ற, மூச்சு கலந்த குரலும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. வேறுபாடு கலைஞர்களிடமிருந்தே வருகிறது. 1963 ஜனவரியில் நோயால் மறைந்த கியூபெக், இந்த வகையில் கிடைத்த மிக அழகான டெனர் ஒலிகளில் ஒன்றை விட்டுச் சென்றார்.

ஆர்கன் கலைஞர் லாரி யங்கின் ‘யூனிட்டி’ இதே வாதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதி செய்கிறது. 1965 நவம்பரில் அதே வான் கெல்டரிடம் பதிவானது; ஜோ ஹெண்டர்சன் டெனர், உடி ஷா டிரம்பெட், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். கருவிகள் இருந்தும் இதைச் சோல் ஜாஸ் என்று சொல்லத் தயக்கம் வருகிறது. யங் இங்கே ஒலியைத் தாங்கிப் பிடிக்காமல், குறுகிய சுரக்கூட்டுகளை வைத்துவிட்டு விலகுகிறார். பள்ளங்கள் திரும்பி வருகின்றன, ஹெண்டர்சனின் அடிகள் நீண்டு முறுக்கிக்கொள்கின்றன. மிகச் சிறந்த ஆல்பம், ஆனால் வேறொரு வீட்டுப் பிள்ளை.

பழைய வீட்டின் கடைசிப் பெருவெற்றிகளில் ஒன்று சார்ல்ஸ் ஏர்லண்டின் ‘பிளாக் டாக்’. 1969 டிசம்பர் 15 அன்று பிரெஸ்டீஜுக்காகப் பதிவானது. ஹூஸ்டன் பெர்சன் டெனர், மெல்வின் ஸ்பார்க்ஸ் கிட்டார், இட்ரிஸ் முகமது டிரம்ஸ். ‘மோர் டுடே தேன் யெஸ்டர்டே’ என்ற அந்த ஆண்டின் பாப் பாடலை அவர்கள் பத்து நிமிடத்துக்கும் மேலாக விரித்து வாசிக்கிறார்கள். பெர்சன் மூச்சு வாங்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஆர்கன் ஏற்கெனவே வந்து நிற்கிறது. ஏர்லண்ட் ஆர்கனுக்கு வருமுன் ஜிம்மி மெக்ரிஃப்பின் குழுவில் டெனர் சாக்சபோன் வாசித்தவர்.